பிரான்ஸ் ஊர்ப் பெயர்களை வாயில் வரவழைப்பது எப்படி: பயணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

பிரான்ஸ் ரயில் நிலையங்களில் டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் நம்மவர்கள் திணறுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஊரின் பெயரைச் சரியாகத்தான் எழுதி வைத்திருப்பார்கள். அதை ஆங்கிலமாக வாசிப்பதில்தான் வினையே. 'டூர்ஸ்' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் முழிப்பார். அவருக்குத் தெரிந்த ஊர் 'தூர்'.

வாயால் வரும் சிக்கலை எப்படியாவது சமாளித்துவிடலாம், போனில் காட்டினால் போதும். காதால் வரும் சிக்கல்தான் பெரியது. 'ரீம்ஸ்' என்ற அறிவிப்புக்காக நீங்கள் காத்திருப்பீர்கள். ஒலிபெருக்கி 'ரே(ன்)ஸ்' என்று சொல்லும் ((ன்) என்று அடைப்பில் வந்தால் மூக்கொலி மட்டும், மூன்றாம் படியில் விளக்கம்). ரயில் வந்து, நின்று, போயும் விடும்.

பிரெஞ்சுக்காரர் போலப் பேச இந்த வழிகாட்டி கற்றுத் தராது. சொன்னால் புரிய வேண்டும், அறிவிப்பு வந்தால் பிடிபட வேண்டும், அவ்வளவுதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பலரும் பிரெஞ்சில் தொண்டையிலிருந்து வரும் 'ர'வில் தொடங்கி, அங்கேயே சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். அதை நான் கடைசிக்கு முந்தைய படியில்தான் வைத்திருக்கிறேன்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பென்சில், குரலில் வாசித்துக் காட்டும் மொழிபெயர்ப்பு ஆப். இவை போதும்.

ஆப்பில் ஒரு பொறி உண்டு. மொழியை 'தானாகக் கண்டுபிடி' என்று விட்டுவிடாதீர்கள், பிரெஞ்சு என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். நீஸ், தூர், ஆ(ன்)ஷே, லா(ன்)ஸ் ஆகிய ஊர்களின் எழுத்துக்கூட்டை அப்படியே பார்த்தால் ஆங்கிலத்தில் 'நைஸ்', 'டூர்ஸ்', 'ஆங்கர்ஸ்', 'லென்ஸ்' என்ற சொற்கள். ஆப் அவற்றை ஆங்கிலம் என்று முடிவுகட்டி, ஆங்கிலத்திலேயே வாசித்துவிடும். அதை நம்பிப் பயிற்சி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

2. உங்கள் பயணத்தின் பெயர்களை மட்டும் பட்டியல் போடுங்கள்

முழு நாட்டையும் படிக்க வேண்டாம். இறங்கும் விமான நிலையம், மாறும் நிலையங்கள், தங்கும் ஊர், பக்கத்தில் பார்க்கப் போகும் ஊர்கள் போதும். அதோடு நீங்கள் ஏறும் மெட்ரோ வழியின் கடைசி நிலையத்தையும் சேருங்கள்.

கடைசி நிலையம் எதற்கு என்றால், பாரிஸ் மெட்ரோவில் திசை காட்டும் பலகையில் அதன் பெயர்தான் இருக்கும். உள்ளூர்ப் புறநகர் ரயிலிலும் இதே கதை. விமான நிலையத்துக்குப் போகும் ஆர்ஈஆர் பி வண்டி 'ஓல்னே-ஸூ-புவா' என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று சார்ல்ஸ் த கோல் விமான நிலையத்துக்கு, மற்றது 'மித்ரீ-க்லே' பக்கம். பெயர் காதில் ஏறவில்லை என்றால் பெட்டியோடு வேறு ஊரில் இறங்க வேண்டியதுதான்.

அந்த விமான நிலையத்துக்கு 'ருவாஸீ' என்ற இன்னொரு பெயரும் புழக்கத்தில் உண்டு. பட்டியலில் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். மலிவு விமானங்கள் சில 'போவே'யில் இறக்கும். பாரிஸ் என்று டிக்கெட்டில் போட்டிருந்தாலும் அது தனி ஊர், தள்ளி இருக்கிறது.

3. தமிழில் எழுதிக்கொள்ள ஒரு குறியீடு

தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு எழுதினால் மறுபடி அது ஆங்கில வாசிப்புக்கே இழுத்துக்கொண்டு போகும். ஆனால் தமிழ் எழுத்தில் சில வேறுபாடுகள் தெரியாது. அதற்கு மூன்று குறிகள்.

முதலாவது, அடிக்கோடு. 'பாரீ' என்பதன் முதலெழுத்து 'பல்'லில் வரும் ப. 'போர்தோ' என்பதன் முதலெழுத்து 'பலூன்' என்பதில் வரும் அதிர்வுள்ள ப. க, த, ப, ஸ, ஷ எதுவானாலும் அதிர்வு வந்தால் அடிக்கோடு போடுங்கள். 'தீஷோ(ன்)' என்ற ஊரின் நடு எழுத்து இப்படி அதிர்வுள்ள ஷ. ஜ-வும் இல்லை, வெறும் ஷ-வும் இல்லை.

இரண்டாவது, அடைப்புக்குறி. (ன்) என்று போட்டால் நாக்கு எங்கும் ஒட்டாது, மூக்கில் மட்டும் ஒலி. இது ஐந்தாம் படியில் வரும்.

மூன்றாவது, வட்டம். பிரெஞ்சின் 'யூ' எழுத்து தனியாக வந்தால் அது ஊ இல்லை. ஈ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ஊ-வுக்குக் குவியுங்கள், அந்த ஒலி. அந்த எழுத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். 'தூல்' என்று ஒலிக்கும் ஊர் பிரான்ஸில் இரண்டு உண்டு: கிழக்கே லொரேன் பகுதியில் ஒன்று, அதில் ஊ சாதா ஊ. நடுநாட்டில் கொரேஸ் பகுதியில் இன்னொன்று, அதில் வட்டம் போட்ட ஊ. எழுத்து வேறு, ஊர் வேறு, ஒலியும் வேறு. தமிழில் எழுதினால்தான் ஒன்றாகிவிடுகிறது.

கீழே எழுத்துகளை ஆங்கிலத்தில் நாம் சொல்லும் பெயரிலேயே சொல்கிறேன்: ஏ, இ, ஐ, ஓ, யூ.

4. முதலில் கடைசி மெய்யை வெட்டுங்கள்

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், ஒரே விதியில் பாதிப் பட்டியல் சரியாகிவிடும். பெயரின் கடைசியில் எஸ், டி, எக்ஸ், இசட், பி, ஜி இருந்தால் பென்சிலால் அடியுங்கள். பாரீ, காலே, ஷாமோனீ, போர்தோ, ஸ்த்ராஸ்பூர், ஸே(ன்) த்ரோப்பே எல்லாம் இப்படி வந்தவைதான். 'கார் து நோர்' என்ற வடக்கு நிலையத்தின் கடைசி டி-யும் போய்விடும்.

கடைசியில் ஆர், எல், எஃப், சி இருந்தால் பெரும்பாலும் ஒலிக்கும். தூர் என்பதில் எஸ் போகும், ஆர் நிற்கும். ஆனால் பெயர் இ-ஆர் அல்லது ஐ-இ-ஆர் என்று முடிந்தால் ஆர் போய் ஏகாரம் வரும்: மோ(ன்)பெலியே, புவாத்தியே, ஆ(ன்)ஷே.

கடைசியில் வரும் வெறும் இ ஒலிக்காது. ஆனால் அது தனக்கு முன்னால் உள்ள மெய்யைக் காப்பாற்றும். 'நா(ன்)த்' என்ற ஊரில் இ-யும் எஸ்-ஸும் போனாலும் த் நிற்பது அதனால்தான். இ-க்கு மேலே சாய்கோடு இருந்தால் அது வெறும் இ இல்லை, முழு ஏ. அதை வெட்டிவிடாதீர்கள்.

இந்தப் படி கைவந்ததும் எல்லாவற்றையும் வெட்டும் வெறி வரும். நீஸ் என்பதை 'நீ' என்பார்கள், கான் திரைப்பட விழா ஊரை 'கா(ன்)' என்பார்கள். இரண்டிலும் கடைசியில் இ இருக்கிறது, மெய் பத்திரம்.

5. மூக்கொலி: தமிழ் வாய்க்கு இது ஏற்கெனவே தெரியும்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஊர்கள் ஒன்றோடொன்று மாறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

'வந்தோம்' என்று எழுதுகிறோம். பேசும்போது உதடு மூடுகிறதா? தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் மூடாது, ஓ என்ற ஒலி மூக்கு வழியாகப் போய் முடிந்துவிடும். அதுதான் பிரெஞ்சின் ஓ-என். 'லியோ(ன்)' என்பதன் கடைசியும் 'வந்தோம்' என்பதன் கடைசியும் ஒன்றே. அதேபோல 'வந்தான்' என்பதைப் பேச்சில் முடிக்கும் விதம்தான் ஏ-என், இ-என் இரண்டுக்கும்: ஓர்லேஆ(ன்), ருவா(ன்), ல மா(ன்). 'வரேன்' என்பதன் முடிவு ஐ-என், ஏ-ஐ-என் ஆகியவற்றுக்கு: ஸே(ன்), கே(ன்)பெர். பாரிஸில் இதைச் சற்று வாய் திறந்து, ஆகாரத்தின் பக்கம் சாய்த்துச் சொல்வார்கள். கேட்கும்போது குழம்ப வேண்டாம்.

யாழ்ப்பாணப் பேச்சுக்காரர்களுக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. அங்கே ன் தெளிவாகவே ஒலிக்கும். அவர்கள் நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் அழுத்தி வைத்துக்கொண்டு ஆன், ஓன், ஏன் என்று சொல்லிப் பார்க்கலாம். நாக்கு மேலே போக முடியாததால் மூக்கொலி மட்டும் மிஞ்சும்.

எப்போது மூக்கொலி, எப்போது முழு ன்? 'என்' என்ற எழுத்துக்குப் பின்னால் உயிரெழுத்து வந்தாலோ, அந்த 'என்' இரட்டித்து வந்தாலோ முழு ன். இல்லையென்றால் மூக்கொலி. 'எம்' என்ற எழுத்துக்கும் இதே விதி, ஷா(ன்)போர், ஷா(ன்)பேரீ போல.

இந்த ஒரு விதி தெரியாமல் தவறும் இரட்டைகளைப் பாருங்கள். 'கா(ன்)' நார்மண்டியில், பாரிஸின் ஸே(ன்)-லாஸார் நிலையத்தில் ரயில் ஏற வேண்டும். 'கான்' மத்தியதரைக்கடல் ஓரத்தில், கார் த லியோ(ன்) நிலையத்தில் ஏற வேண்டும். 'ருவா(ன்)' நார்மண்டியின் கதீட்ரல் நகரம். 'ருவான்' லியோ(ன்) பக்கத்தில் உள்ள ஊர். நுனிநாக்கு மேலே ஒட்டியதா இல்லையா என்பதில் நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு பக்கம் போய்விடலாம்.

இன்னொரு தமிழ்ப் பழக்கமும் இங்கே குறுக்கே வரும். ன்-னுக்குப் பின் த வந்தால் நாம் 'ந்த' என்று அதிர்வோடு சொல்வோம், ம்-முக்குப் பின் ப வந்தால் 'ம்ப' என்போம். 'நா(ன்)த்' என்பது 'நாந்து' ஆகிவிடும், 'மோ(ன்)பெலியே' என்பது 'மோம்பெலியே' ஆகிவிடும். மூக்கொலியை முடித்து, ஒரு நொடிப் பிளவு விட்டு, அப்புறம் த் சொல்லுங்கள். பழகியபின் பிளவு தானே மறையும்.

ஐ-க்குப் பின்னால் இ-என் வந்தால் மட்டும் அது 'யே(ன்)'. ஆமியே(ன்) என்ற ஊரை 'ஆமியான்' என்பவர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள்.

6. உயிரெழுத்துக் கூட்டங்களை ஒரே ஒலியாகப் பாருங்கள்

ஓ-யூ சேர்ந்தால் ஊ: தூலூஸ். ஏ-யூ, இ-ஏ-யூ இரண்டும் ஓ: 'போ' என்ற பிரெனீஸ் மலையடி ஊர், 'போன்' என்ற ஒயின் ஊர். ஓ-ஐ சேர்ந்தால் 'உவா': புளுவா, ஆ(ன்)புவாஸ். ஏ-ஐ சேர்ந்தால் ஏ: காலே.

ஐ-எல்-எல்-இ கொஞ்சம் குறும்பு. மார்ஸெய், வெர்ஸாய், பாஸ்தீய் என்று ய் ஆகிவிடும். ஆனால் வடக்கு நகரமான 'லீல்' லீல்தான். 'வில்' என்று ஒலிக்கும் நகரம் என்ற சொல்லும், அது ஒட்டிய எல்லாப் பெயர்களும் ல் ஒலிதான், 'லா வில்லெத்' உட்பட.

மெய்களில் நான்கைக் கவனித்தால் போதும். சி-எச் என்பது ஷ. பாரிஸில் இலங்கைத் தமிழர் கடைகள் நிறைந்த பகுதியைத் தமிழர்கள் 'லாச்சப்பல்' என்பார்கள். நம்மவரிடம் வழி கேட்க அந்தப் பெயர்தான் சரி. டிக்கெட் கவுன்ட்டரில் 'லா ஷாப்பெல்' என்று சொல்லுங்கள். ஜி-என் என்பது நம் ஞ, அப்படியே: ஆவிஞோ(ன்). எச் ஒலிக்காது. இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் அடிக்கோடு போட்ட ஸ, இரட்டை எஸ் வந்தால் சாதா ஸ.

7. ட-வைத் தூக்கிப் போடுங்கள், கடைசி உ-வையும்

ஆங்கிலம் வழியாக வந்ததால் டி எழுத்தைப் பார்த்ததும் நமக்கு ட வருகிறது. பிரெஞ்சு த் பல்லில் ஒட்டுவது, நம் த-வேதான். லூர்து மாதா என்று ஊர் ஊராகக் கோயில் கட்டி வைத்திருக்கிறோமே, அந்தப் பெயரில் தமிழ் செய்தது சரி. ஆங்கிலம் படித்தவர் சொல்லும் 'லூர்ட்ஸ்' என்பதைவிட அது பிரெஞ்சுக்கு எவ்வளவோ பக்கம். கடைசி உ-வை மட்டும் விழுங்கினால் 'லூர்த்'. த்-க்கு அடிக்கோடு.

அந்தக் கடைசி உ-தான் நம் ஆள் என்பதைக் காட்டிக்கொடுக்கும். 'நீஸு', 'தூரு', 'மெஸ்ஸு' என்று நாமறியாமல் சேர்ப்போம். மெய்யில் முடியும் சொல் தமிழ் நாக்குக்குச் சுமை. ஆனால் அந்த உ கேட்பவருக்கு இன்னொரு அசையாகப் படும், வேறு ஊரோ என்று யோசிப்பார். வாயை மெய்யிலேயே மூடி நிறுத்தப் பழகுங்கள்.

'லூவ்ர்', 'ஷார்த்ர்', 'ல ஆவ்ர்' போல இரண்டு மெய் சேர்ந்து முடியும் பெயர்களில் 'லூவ்ரே' என்று ஏகாரம் சேர்ப்பது அடுத்த பழக்கம். அந்தக் கடைசி ர் மூச்சளவுக்குத்தான். முழுதாக விட்டுவிட்டு 'லூவ்' என்றாலும் புரியும். 'லூவ்ரே' புரியாது.

அழுத்தமும் ஒரு விஷயம்தான், ஆனால் சிறியது. எல்லா அசையையும் சமமாகச் சொல்லிக் கடைசி அசையைக் கொஞ்சம் இழுங்கள். தமிழ் பேசும் நடையிலேயே சொன்னால் பாதி வந்துவிடும்.

8. இரண்டு சொல் ஒட்டும் இடங்கள்

வெட்டிய மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் உயிர்பெற்று வரும். பயணிக்கு இது நிறையத் தேவைப்படாது, சில பெயர்களை மனப்பாடமே செய்துவிடலாம். பாரிஸின் ஷா(ன்)ஸேலிஸே சாலை, லேஸே(ன்)வாலித் நினைவுக் கட்டடம் இரண்டிலும் ஸ வரும் இடமெல்லாம் அடிக்கோடு. 'ஸே(ன்)' என்று தொடங்கும் பெயர்களில் டி வழக்கமாக மௌனம், ஸே(ன்)-தெனீ போல. ஆனால் 'ஸே(ன்)தேத்தியென்', 'ஸே(ன்)துவே(ன்)' இரண்டிலும் த் வரும்.

எச்-சில் தொடங்கும் சில பெயர்கள் ஒட்டாது. பாரிஸின் நடுவில் உள்ள பெரிய நிலையம் 'லே ஆல்', 'லேஸால்' அல்ல. எச் ஒலிக்காவிட்டாலும் ஒரு சுவர் போல நடுவில் நிற்கிறது. 'ல ஆவ்ர்' துறைமுகமும் அப்படியே.

'ல' என்று தொடங்கும் ஊர்களில் இன்னொரு மறைவான சங்கதி. 'ல மா(ன்)' செல்லும் வண்டியை அறிவிக்கும்போது 'து மா(ன்)' என்பார்கள். 'ல ஆவ்ர்' ஊருக்கு என்றால் 'ஓ ஆவ்ர்'. இலக்கணப்படி 'ல' முன்சொல்லோடு கலந்துவிடுகிறது. டிக்கெட்டில் உள்ள பெயரையே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் அறிவிப்பு காதைத் தாண்டிப் போய்விடும். உங்கள் பட்டியலில் இத்தகைய ஊர் இருந்தால் மூன்று வடிவத்தையும் எழுதி வையுங்கள்.

9. விதிக்கு அடங்காதவற்றைத் தனியே சரிபாருங்கள்

இதுவரை விதி. ஊர்ப் பெயர் எந்த விதிக்கும் கட்டுப்பட்டதல்ல, அந்த ஊர்க்காரர் சொல்வதுதான் சரி. அதனால் விதிப்படி எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயரையும் ஆப்பில் ஒருமுறை கேட்டே ஆக வேண்டும். முதலிலேயே கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். விதி தெரியாமல் கேட்டால் காது ஆங்கில ஒலியையே கேட்கும். எதிர்பார்ப்போடு கேட்டால்தான் வித்தியாசம் தட்டுப்படும்.

கடைசி எஸ் வெட்டப்படாத ஊர்கள்: ரே(ன்)ஸ், லா(ன்)ஸ், ஸா(ன்)ஸ், ஆராஸ். கிழக்கு நிலையம் 'கார் த லெஸ்த்', மேற்குக் கடற்கரையின் 'ப்ரெஸ்த்' இரண்டிலும் எல்லா மெய்யும் ஒலிக்கும்.

எக்ஸ் எழுத்து மூன்று விதம். 'எக்ஸ்-ஆ(ன்)-ப்ரோவா(ன்)ஸ்' என்பதில் க்ஸ். 'ஓஸெர்' என்பதில் ஸ். ஷாமோனீயில் மௌனம். பெல்ஜியம் போகிறவர்களுக்கு ப்ரூஸெல் கூட ஸ்தான். இந்த எழுத்தைக் கண்டால் யோசிக்காமல் ஆப்பைத் திறங்கள்.

கிழக்கே 'மெஸ்' என்ற ஊரை 'மெட்ஸ்' என்பது வெளியூர்க்காரன் முத்திரை. மார்ஸெய் பக்கத்தில் 'காஸீ' என்ற கடலோர ஊர். அதே எழுத்துக்கூட்டில் உள்ள பழத்தின் பெயரில் கடைசி எஸ் ஒலிக்கும், ஊரில் ஒலிக்காது. ஆல்ப்ஸ் அடிவார ஏரி நகரம் எழுத்தில் மூன்று அசை போலத் தெரியும், வாயில் இரண்டுதான்: 'ஆன்ஸீ'. வடக்கே 'லா(ன்)' என்ற ஊரில் எல்-ஏ-ஓ-என் என்று நான்கு எழுத்து, ஓ என்னவானது என்று தேடக்கூடாது. 'கே(ன்)பெர்' இ-ஆர் என்று முடிந்தாலும் ர் ஒலிக்கும்.

10. ஒரு பெயரை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம்

பாரிஸின் கார் த லியோ(ன்) நிலையத்திலிருந்து எளிதாகப் போய்வரக்கூடிய அரண்மனை ஊர் ஒன்று. எழுத்துக்கூட்டு: எஃப்-ஓ-என்-டி-ஏ-ஐ-என்-இ-பி-எல்-இ-ஏ-யூ. நம்மவர் வாயில் 'ஃபவுன்டன்ப்ளூ'.

கடைசியில் மெய் இல்லை, வெட்ட ஏதுமில்லை. முதல் என்-னைப் பாருங்கள், பின்னால் டி, ஆகவே மூக்கொலி: ஃபோ(ன்). அடுத்து டி, அது த. ஏ-ஐ சேர்ந்து எ. இரண்டாவது என்-னுக்குப் பின்னால் இ இருக்கிறது, ஆகவே முழு ன்: தென். அந்த நடு இ ஒலிக்காது. இ-ஏ-யூ சேர்ந்து ஓ: ப்லோ, ப்-புக்கு அடிக்கோடு. ஆக 'ஃபோ(ன்)-தென்-ப்லோ'. மூன்று அசை, கடைசியில் இழுவை. ஃபோ(ன்)-னுக்குப் பின் வரும் த் அதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் பயிற்சி செய்ய 'பெஸா(ன்)ஸோ(ன்)' நல்ல ஊர். முதல் ஸ அதிர்வோடு, இரண்டாவது ஸ அதிர்வில்லாமல், இரண்டு மூக்கொலியும் வேறு வேறு. இது வந்துவிட்டால் பட்டியலில் பாதி பயம் போய்விடும். புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு வசதியும் உண்டு: தெருப் பலகைகளே பாடப் புத்தகம். 'ரூ துமா'வில் கடைசி எஸ் எங்கே போனது என்று அடுத்த முறை நடக்கும்போது பாருங்கள்.

11. பெயரை வாக்கியத்துக்குள் வையுங்கள், காதைத் தயார் செய்யுங்கள்

தனிப் பெயரைச் சட்டென்று எறிந்தால் கேட்பவர் காது தயாராக இருக்காது. முதலில் 'போ(ன்)ஷூர்' சொல்லுங்கள். இது வெறும் மரியாதை மட்டுமல்ல, சொல்லாமல் கேள்விக்குப் போனால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிறகு 'ஏ(ன்) பிய்யே பூர் தூர், ஸில் வூ ப்லே', தூர் ஊருக்கு ஒரு டிக்கெட். ஏறும் முன் உறுதி செய்ய 'ஸே பியே(ன்) ல த்ரே(ன்) பூர் ருவா(ன்)?' என்று கடைசியை உயர்த்திக் கேளுங்கள்.

தூர் பற்றி ஒரு கூடுதல் தகவல். அதிவேக ரயில்கள் பலவும் தூர் நகர நிலையத்துக்குள் போகாமல் 'ஸே(ன்)-பியெர்-தே-கோர்' என்ற பக்கத்து நிலையத்தில் நிற்கும், அங்கிருந்து சிறு ரயில் மாற வேண்டும். அந்தப் பெயரும் பட்டியலில் இல்லையென்றால் தூர் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

ரயில் அறிவிப்பில் இரண்டு தொடர்களைப் பிரித்தறியுங்கள். 'ஆ தெஸ்தினாஸியோ(ன்) த' என்பதற்குப் பின் வருவது வண்டி போகும் ஊர். 'ஆ(ன்) ப்ரொவனா(ன்)ஸ் த' என்பதற்குப் பின் வருவது அது புறப்பட்டு வந்த ஊர். பழகாத காது முதலில் பிடிபடும் பெயரைப் போகும் ஊர் என்று எடுத்துக்கொள்ளும். 'வுவா' என்றால் தண்டவாள எண் வரப்போகிறது.

பாரிஸ் மெட்ரோவின் பல வழிகளில் நிலையப் பெயரை இரண்டு முறை சொல்வார்கள். முதலில் கேள்வி போல உயர்த்தி, நெருங்கியதும் முடிவு போலத் தாழ்த்தி. முதல் அறிவிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நீங்களும் முணுமுணுத்துப் பாருங்கள், உடனே சரிபார்த்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல இலவச ஆசிரியர் இல்லை.

தெற்கே போனால் கொஞ்சம் மாறும். தூலூஸ், மார்ஸெய் பக்கத்தில் கடைசி இ-யை லேசாக ஒலிப்பார்கள், மூக்கொலியின் வாலில் ங் போல ஏதோ கேட்கும். உங்கள் பட்டியல் தவறில்லை. சொல்லும்போது மாற்ற வேண்டாம்.

12. ர: நேரம் மிஞ்சினால்

நம் ர-வைப் போட்டாலே புரிந்துகொள்வார்கள். ஆங்கில நாக்கு வளைப்புதான் வேண்டாம். தொண்டை ர முயல்பவர்கள் பெரும்பாலும் க-வோ ஹ-வோ கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், 'பாஹீ' என்கிறார்கள். அதற்கு நல்ல தமிழ் ர எவ்வளவோ மேல். ஆசை இருந்தால் அடிநாக்கை மேலே தூக்கி, வாய் கொப்பளிக்கும் இடத்தில் மெல்ல மூச்சு விட்டுப் பாருங்கள். ஊர் பெயரில் முயலும் முன் 'ரா, ரே, ரீ' என்று தனியே.

13. அப்படியும் புரியவில்லை என்றால்

சத்தத்தைக் கூட்டாதீர்கள். அதே தவறு பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

எழுத்தெழுத்தாகச் சொல்லவும் வேண்டாம். பிரெஞ்சில் ஐ எழுத்தின் பெயர் 'ஈ'. நீங்கள் இ எழுத்தைச் சொன்னால் அவர் ஐ என்று எழுதுவார். ஜி-யும் ஜே-யும் அநேகமாக இடம் மாறியிருக்கும், அங்கே ஜி 'ஷே', ஜே 'ஷீ'. ஆங்கிலப் பெயரில் எழுத்துக் கூட்டினால் இல்லாத ஊர் ஒன்று உருவாகும்.

பிரெஞ்சு எழுத்திலேயே, மேல் குறிகளோடு, முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். 'முழு' என்பது முக்கியம். 'எக்ஸ்' என்று மட்டும் காட்டினால் ப்ரோவா(ன்)ஸ் பகுதியில் ஒன்று, ஆல்ப்ஸ் பக்கம் 'எக்ஸ்-லே-பே(ன்)' என்று ஒன்று. 'வில்ஃப்ரா(ன்)ஷ்' என்றால் லியோ(ன்) அருகே ஸோன் ஆற்றங்கரையில் ஒன்று, நீஸ் அருகே கடலோரத்தில் ஒன்று. கோடு போட்டு ஒட்டியிருக்கும் வால்தான் எந்த ஊர் என்று சொல்லும். அவர் வாசித்துக் காட்டும்போது கவனித்து, நீங்களும் ஒருமுறை திருப்பிச் சொல்லி, பட்டியலில் அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள்.